வித்யாவும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள்

அன்புள்ள தம்பி குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் வித்யாவும் நலமா?

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதத் தெரியாது, செல்விதான் அடித்துத் தர வேண்டும். அவள் படித்தால் உன் அத்தை வரைக்கும் போய்விடும். அதனால்தான் தபால். மெதுவாக வந்து சேரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

ஆடிக் காற்று இந்த வருஷம் கொடிக்காலைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. தெற்கு வரிசையில் அகத்தி சாய்ந்து கொடியெல்லாம் மண்ணில் கிடந்தது. அப்பா ஆள் கூப்பிட்டுத் தூக்கிக் கட்டிவிட்டார். நீ அனுப்பிய பணத்தில் மோட்டார் மாற்றியாயிற்று. சோழவந்தான் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "என் மகன் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். வித்யா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? அங்கே குளிர்காலம், இரண்டு பேரும் வெந்நீர் குடியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குரூப்பில் நீ ஒரு படம் போட்டிருந்தாய். டெல்லியில் இருக்கிற அந்த அம்மாவின் படம். "புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இவளுக்கு நாட்டைப் பற்றி என்ன கவலை?" என்று கீழே எழுதியிருந்தது. உன் சித்தப்பா சிரிக்கிற பொம்மை போட்டார். மாமா மூன்று பொம்மை போட்டார். நீ எழுதியது இல்லை, எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா எந்தக் கட்சி, செய்தது சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை. அவர் பேச்சில் பாதி எனக்கும் ஆகாது. அந்தப் பேச்சுக்குத் திட்டு, யார் வேண்டாம் என்றது? கேஸ் விலைக்குத் திட்டு. அவர் வீட்டில் தொட்டில் ஆடுகிறதா இல்லையா என்பது நமக்கு எதற்கு?

ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்காதே. 2021 தேர்தலில் அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியின் தாயாரை இழுத்துப் பேசியதற்காக தி.மு.க.வின் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை போட்டது தேர்தல் ஆணையம். திட்டியது ஆம்பளையை, இழுத்தது அவரைப் பெற்றவளை. 2024-இல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசியதற்காக காங்கிரஸின் சுர்ஜேவாலாவுக்கும் அதே 48 மணி நேரம். மம்தாவின் தகப்பன் யார் என்ற அளவுக்குப் போன பா.ஜ.க.வின் திலீப் கோஷுக்கு ஒரு கண்டனத்தோடு சரி. கொள்கையில் ஒத்துப்போகாதவர்கள் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ!

நீ இருக்கிற ஆஸ்திரேலியாவின் கதையையும் கேட்டேன். செல்வி காலேஜில் பாடம் நடத்துவதற்காக அங்கே பிரதமராக இருந்த ஜூலியா கில்லார்டின் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் வீடு மெல்போர்ன் பக்கம் அல்டோனாவில் இருந்ததாமே, உங்களுக்கு அது பக்கமா? 2005-இல் பத்திரிகைக்காரர்கள் அந்த வீட்டு அடுப்படியில் அவரைப் படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் துடைத்து வைத்தபடி இருக்கிறது. பழக் கிண்ணம் ஒன்று, அதில் பழம் இல்லை. அவ்வளவுதான் படம். காலிக் கிண்ணத்தை வைத்தே அவருக்குப் பிள்ளை இல்லாததைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். 2007-இல் ஒரு செனட்டர், வேண்டுமென்றே பிள்ளை பெறாமல் இருக்கிற இவருக்கு நாட்டை நடத்தத் தகுதி ஏது என்கிற மாதிரி பேசினார். அவர் சொன்ன சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டாராம்.

2010-இல் அவரே பிரதமரானார், அந்த நாட்டுக்கு முதல் பெண் பிரதமர். அப்படியும் விடவில்லை. அடுத்த வருஷம் "சூனியக்காரியைத் துரத்து" என்று அட்டை பிடித்தவர்களுக்கு முன்னால் நின்று எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட் பேசினார். 2012 அக்டோபர் 9 அன்று அதே அபட், பெண்களைக் கேவலமாகச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பிய சபாநாயகரை நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அந்த அம்மா எழுந்து, பெண்களை மதிப்பது பற்றி இந்த மனிதர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று கால் மணி நேரம் விளாசிவிட்டார். சபாநாயகரைக் காப்பாற்றத்தான் இந்த ஆவேசம் என்று அங்கே பத்திரிகைகளில் எழுதினார்களாம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அபட் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தாயா? நான் இரண்டாவது தடவையும் போடச் சொன்னேன்.

நம் ஜெயலலிதாவை எடுத்துக்கொள். போடியிலும் ஆண்டிபட்டியிலும் நின்று ஜெயித்தவர். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்துக்குள் நடந்ததை இரண்டு கட்சிக்காரரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், அதை விடு. கல்யாணம் ஆகாதவர் என்று அவரைப் பேசாத பேச்சா? அப்புறம் அதே வாய்கள் "அம்மா, அம்மா" என்றன. உன் சித்தப்பாவின் வாயும் சேர்த்துத்தான்.

என் கதை உனக்குத் தெரியாததா? 1996 அக்டோபரில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று நம் பஞ்சாயத்தும் ஒதுக்கீட்டில் வந்தது, என்னை நிறுத்தினார்கள். நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். செக்கில் கையெழுத்து என்னுடையது, பேச்சு உன் அப்பாவுடையது. ஒன்றிய ஆபீசில் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் "தலைவர் வரலையா?" என்பார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் நாற்காலியில் நான் இருக்க, கேள்வியெல்லாம் பின்னால் வேப்பமரத்தடியில் நின்ற அவருக்குப் போகும். வடக்குத் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று நான் வாயைத் திறந்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டித் தூணில் கரியால் எழுதினார்கள், என் பேரையும் ஓவர்சியர் பேரையும் சேர்த்து. விடிவதற்குள் அப்பா சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய்ப் பூசினார். வாளியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனது நீ. திரும்பி வந்து அதில் என்ன எழுதியிருந்தது என்று நீ கேட்கவில்லை. உனக்குத்தான் அப்போதே நன்றாக வாசிக்கத் தெரியுமே.

குழாய் வந்தது. இன்றைக்கும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

நான் நின்ற அதே வருஷம் செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமானது 2023-இல். அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். 2024-இல் ஜெயித்து மக்களவைக்குப் போன பெண்கள் 543 பேரில் 74 பேர். பெண்கள் ஏன் அரசியலுக்கு வருவதில்லை என்று போன பொங்கலுக்கு நீ செல்வியிடம் தர்க்கம் செய்தாயே. நீ போட்ட படத்துக்கு மாமா போட்ட மூன்று பொம்மையையும் அவள் உனக்கு எடுத்துக் காட்டியிருக்கலாம். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

உன்னைப் பற்றி எனக்குக் குறை இல்லை தம்பி. வித்யாவுக்கு நைட் ட்யூட்டி என்றால் நீயே சமைத்து டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாய் என்று அவளே சொன்னாள். அதை நான் உன் அத்தையிடம் பெருமையாகச் சொல்ல, "அப்படியா" என்று இழுத்தாள், இழுக்கட்டும். ஆனால் போனைக் கையில் எடுத்தால் ஒரு நிமிஷம் யோசி. ஆயிரம் வரும், எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும் என்று இல்லை. ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

அந்தக் குரூப்பில் வித்யாவும் இருக்கிறாள். தினமும் காலையில் மீனாட்சி படமும் வணக்கமும் போடுகிறவள், நீ அதைப் போட்ட நாளிலிருந்து ஒன்றும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது கேட்டேன், வேலையாக இருக்கிறாள் என்றாய். அதற்கு முந்தின ஞாயிறு வரைக்கும் அவளேதான் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசுவாள். பங்குனியில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து நீ எனக்குப் போன் செய்து பேச முடியாமல் நின்றாயே, அது நினைவிருக்கட்டும். "பிள்ளை இல்லை" என்று எழுதியிருந்த இடத்தில் அவள் யார் முகத்தைப் பார்த்திருப்பாள்? அதை அனுப்பினவன் பேர் மேலே இருக்கிறதே அப்பா.

நீ அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. படத்தை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதே. சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதும் உன் இஷ்டம்.

ஒரே ஒரு காரியம் செய். ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அவளை என்னோடு பேசச் சொல். உங்களுக்குக் காலை பத்தரை என்றால் இங்கே ஆறு மணி, நான் வாசல் தெளித்து முடித்திருப்பேன். படத்தைப் பற்றி நானாக எடுக்கமாட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாள், உப்பு அளவு சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மா