பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கப் பெற்றவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். போன ஆவணியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் மனைவிக்கு அம்மா இல்லை, என் அம்மாவுக்கோ முழங்கால் வலி, கீழே உட்கார முடியாது. அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற ஆச்சியையே பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே சீராக உருவிவிடுவார், அழுத பிள்ளை அப்படியே அடங்கிவிடும். ஆனால் பத்தாம் நாள் பிள்ளையின் மார்பு லேசாக வீங்கியிருப்பதைப் பார்த்து, "பால் கட்டியிருக்கு, எடுத்து விட்டுரணும்" என்று இரண்டு நாள் பிதுக்கிவிட்டார். மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து, காய்ச்சல் வந்து, சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஊசி போட வேண்டியதாகிவிட்டது. தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சம் இருப்பதால் பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு வீங்குவது சகஜம், தொடாமல் விட்டாலே சில வாரங்களில் வற்றிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டோம். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுவதோடு சரி. அவ்வளவு பயம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, என்கூட வேலை பார்க்கிறவர்கள் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது, ஒன்று பழைய முறை முரட்டுத்தனமும் சேர்த்து அப்படியே நடக்கிறது, இல்லையென்றால் எண்ணெயே வேண்டாம் என்று நின்றுபோகிறது. நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு அதைக் காட்டியவர் ஒரு செவிலியர். தடுப்பூசிக்குப் போன அன்று, பிள்ளையின் தோல் வறண்டிருப்பதைப் பார்த்து விசாரித்தார், நடந்ததைச் சொன்னோம். என் மனைவி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றதைப் பார்த்தாரோ என்னவோ, "சார், மோதிரத்தைக் கழட்டிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம்தான் இருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு, காலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார், ஏனென்றால் பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாத இடம் அதுதானாம். ரொம்ப மெதுவாகத் தடவினால் கூச்சம்தான் வரும், தோல் லேசாக அசைகிற அளவுக்கு அழுத்தம் வேண்டும். வயிற்றில் தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் ஓடும் திசையில் தடவ வேண்டும், பெருங்குடல் பிள்ளையின் வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது, வாயுவும் மலமும் போகிற பாதை அது. அப்புறம் இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு மெல்ல அமுக்கி நீட்டிவிட வேண்டும். பால் குடித்த உடனே கூடாது, பசியில் அழும்போதும் கூடாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் கடைசியாகச் சொன்னது: பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, உடம்பை விறைத்தாலோ, விக்கல் எடுத்தாலோ நிறுத்திவிடுங்கள், அது போதும் என்று சொல்கிறது என்றார். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று சாயங்காலம் முதல் அது என் வேலை ஆனது. ஆறு மணி ஆனால் காலை இழுத்துக்கொண்டு வீல் வீலென்று அழுகிற பிள்ளை எங்களுடையது. அழுகை ஒரே நாளில் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஒரு வாரத்தில் குறைந்தது, ராத்திரித் தூக்கம் கொஞ்சம் நீண்டது. ஆனால் பெரிய மாற்றம் என் மனைவியிடம்தான். சீழ் விஷயத்தில் தன்மேல்தான் தப்பு என்று மனசில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தொடவே பயந்திருந்தாள், பேச்சும் குறைந்துபோயிருந்தது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், நாலு நாள் கழித்துப் பாதத்தை மட்டும் பிடித்தாள், அப்புறம் காலைக் குளியல் அவளுடையதானது. மருத்துவரிடமும் கூட்டிப்போனேன், எண்ணெய் ஒன்றே எல்லாவற்றையும் சரிபண்ணிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனாலும், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களை லண்டனில் குழந்தை மசாஜ் வகுப்புக்கு அனுப்பிப் பார்த்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், சிறிய ஆய்வுதான், சோர்வும் குறைந்தது, பிள்ளையோடு பழகுவதும் நன்றாக வந்தது என்று படித்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பார்த்ததும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் இன்னும் பலமானது. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தடவைக்கு 15 நிமிஷம், நாளுக்கு 3 தடவை, 10 நாள் தடவிவிட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியிருக்கிறார்கள், குடித்த பால் என்னவோ ஒரே அளவுதான். 6 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு இதே மாதிரி எடை கூடும், எலும்பு பலமாகும் என்று எண்ணெய் விளம்பரங்கள் சொல்வதற்கு இவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022இல் கொடுத்த வழிகாட்டுதலில், ஆரோக்கியமான குழந்தைக்கு உடம்பு முழுக்க மென்மையாகத் தடவிவிடலாம் என்றே இருக்கிறது. பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடரிக் லெபோயே கல்கத்தாவில் தெருவோரம் ஒரு தாய் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துத்தான் இதை மேல்நாட்டுக்குச் சொன்னார். அமெரிக்கரான விமலா மெக்ளூர் 1973இல் இந்தியாவில் ஒரு அனாதை இல்லத்தில் வேலை பார்க்கும்போது கற்றுக்கொண்டுபோய், அங்கே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சர்வதேச அமைப்பையே உண்டாக்கினார். அவர்கள் நம்மிடமிருந்து நல்லதை எடுத்துக்கொண்டு அதைப் பெற்றவர்கள் கையில் கொடுத்தார்கள். நாமும் அதைச் செய்யலாமே.

விட வேண்டியவற்றை விட்டுவிடலாம். மார்பைப் பிதுக்குவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, தலை உருண்டையாக வரட்டும் என்று அமுக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிடலாம், குழந்தை மருத்துவர்கள் எத்தனை தடவை சொல்லியும் இது நின்றபாடில்லை. சாம்பிராணிப் புகையும் அந்தப் பிஞ்சு மூச்சுக்கு ஆகாது. மற்றபடி அந்தக் கால் நீட்டல், அந்தப் பாட்டு, குனிந்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும் அந்த நெருக்கம், இதையெல்லாம் ஏன் விட வேண்டும்?

அதனால் அரசுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பத்து நிமிஷம் இதைச் செய்து காட்டுங்கள். 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவித்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கான எண்ணெயும் இருந்தது, ஆனால் அதை எப்படித் தேய்ப்பது என்று காட்ட ஆள் வேண்டாமா? தகப்பனையும் கட்டாயம் கூப்பிடுங்கள். மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் விடுப்பு உண்டு, என்னைப் போலத் தனியார் கம்பெனியில் இருப்பவனுக்கு மூன்று நாள் கிடைத்ததே பெரிது, ஆனாலும் சாயங்காலம் பதினைந்து நிமிஷம் எங்களால் முடியும்.

அப்புறம், குளிப்பாட்டுகிற ஆச்சிமாரையும் விட்டுவிடாதீர்கள். ஊர் மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு அரசே பயிற்சி கொடுத்த காலம் உண்டு, இவர்களையும் அப்படிக் கூப்பிட்டு ஒரு நாள் உட்காரவைத்துப் பேசலாம். எங்கள் ஆச்சி இப்போதும் வாரம் ஒரு தடவை வருகிறார். அன்றைக்கு நடந்ததைக் கோபப்படாமல் சொன்னபோது அழுதுவிட்டார், "எனக்கு எங்க ஆத்தா சொன்னதுதான்யா தெரியும், வேற யாரு சொன்னா?" என்றார். இப்போது அவர் போகிற எந்த வீட்டிலும் பிள்ளையின் மார்பைத் தொடுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
பாளையங்கோட்டை.