செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மீன் வளர்ப்புச் சங்கத்தில் இந்த ஆண்டு நான்கு கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்டில் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் வந்தோம். ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கிய சக்கர் மீனை ஏரியில் விடக் கூடாது என்ற துண்டறிக்கையை அச்சடித்துக் கொடுத்தோம்.

சங்க அறையில் இருக்கும் மூன்றடித் தொட்டியைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “இதற்கா சங்கப் பணம்?” என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். அதில் இருப்பவை ஆறு ஸ்டெர்பை கோரிடோராஸ், தொட்டியின் அடியில் மேயும் சிறிய கெளுத்தி வகை. பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்று மீன். 1962-இல் மீன் ஆய்வாளர் க்னாக் பெயரிட்டது. செதில் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு வரிசை எலும்புத் தகடுதான் கவசம். நம் ஊர்ச் சூட்டில் மற்ற கோரிடோராஸ் பலவும் வாடிவிடும். இது 28 டிகிரியிலும் தெம்பாக இருக்கும். அதனால்தான் இதைக் கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் மழையன்று, முட்டையிடத் தூண்டுவதற்காக, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை பெண்மீன் வயிற்றுத் துடுப்பு இரண்டையும் கைகூப்புவது போலச் சேர்த்து, நடுவில் முட்டையை ஏந்தியபடி கண்ணாடியில் ஏறி ஒட்டவைத்தது. முட்டைகளை விரலால் உருட்டி எடுத்து, நாட்டுவாதாம் இலை போட்ட டப்பாவில் வைத்தேன். நான்காம் நாள் பொரிந்தன. நாற்பது குஞ்சுகள்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போன நான்கு நாளும் பார்த்துக்கொள்ள மூன்று பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. இடையில் கரண்ட் போய், பம்ப் நின்றிருக்கிறது. பெரிய மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும், தப்பின. குஞ்சுகளில் மிஞ்சியது பதினொன்று. பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் மனது ஆறவில்லை.

சந்தா விஷயமும் அப்படித்தான். அறுபத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர்தான் கட்டியிருக்கிறார்கள். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன. பெரும்பகுதி வாடகை, மின்கட்டணம், கொஞ்சம் மீன் தீனி. விவரம் பொருளாளரிடம் உண்டு.

அறை கொடுத்த வீட்டுக்காரருக்கும், தணிக்கை பார்த்தவருக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர்வேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. பதினொன்றும் கூட்டமாக வாழும் மீன்கள்; ஒன்றிரண்டாகப் பிரித்துக் கொடுக்க மாட்டேன். கூரான கல் மீசையைத் தேய்த்துவிடும், அதனால் மணல் பரப்பிய தொட்டி வைத்திருப்பவர் கேட்டால் மொத்தமாகத் தருகிறேன். அதுவரை ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மாற்ற ஒருவர் வேண்டும். அறைக்கு இன்னொரு சாவி செய்து வைத்திருக்கிறேன்.

செயலாளர்