மொட்டை மாடி வைஃபை: ஞாயிறு காலை வேலை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு பி பிளாக் மொட்டை மாடியில் வைஃபை கருவி பொருத்துகிறோம். வெயில் ஏறுமுன், 10 மணிக்குள் முடிக்கணும். மழை, இடி என்றால் அடுத்த ஞாயிறு.

1. கொடியில் காயும் துணிகளைச் சனி இரவே எடுத்துவிடுங்கள். குழந்தைகளை மேலே அனுப்ப வேண்டாம்.

2. கருவியைத் தாங்கும் கம்பம் லிஃப்ட் அறைச் சுவரில், இரண்டு கிளாம்ப் போட்டு. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டுவதில்லை. சாய்ந்தாலும் தெரு மின்கம்பியை எட்டாத இடம் அதுதான்.

3. கேபிள்: வெயில் தாங்கும் கறுப்பு உறை, முழுச் செம்பு கேட்-6 (நெட்வொர்க் கேபிள் வகை). செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான். ஆனால் அதே கேபிளில் மின்சாரமும் போவதால் சூடாகும், வோல்டேஜ் இறங்கி கருவி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது.

4. கேபிள் கீழிருந்தே கருவிக்குள் நுழையணும். நுழையுமுன் ஒரு வளைவு தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

5. கம்பம், சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜிலிருந்து கருவியைக் காப்பது) இரண்டும் கட்டட எர்த்தில்தான். மண்ணில் தனி எர்த் ராடு அடித்து அதை மட்டும் நம்பினால், மின்னலின்போது இரண்டு எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜ் கேபிள் வழியே வீட்டுக்குள் வரும்.

ஏணி பிடிக்க இருவர் தேவை. லிஃப்ட் அறைச் சாவி யாரிடம்? வெள்ளி இரவு 9 மணிக்குள் பெயர், பிளாட் எண்ணுடன் இங்கேயே பதில் போடுங்கள்.