மோஸ்லி ஓல்டு ஹாலும் உன் காலும்

அன்புள்ள சுந்தரம்,

உன் தீபாவளிக் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

சென்ற ஞாயிறன்று வுல்வர்ஹாம்ப்டன் அருகிலுள்ள மோஸ்லி ஓல்டு ஹாலுக்குப் போயிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர்த் தாலுகா கச்சேரிதான். 19ஆம் நூற்றாண்டில் போர்த்திய அந்தச் செங்கலுக்குள், 1600 வாக்கில் மரச்சட்டங்களால் எழுப்பிய வீடு ஒளிந்திருக்கிறது. 1651 செப்டம்பர் 3இல் வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லிடம் தோற்றோடிய இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், 8ஆம் தேதி விடியுமுன் குடியானவன் வேடத்தில் இங்கே வந்து சேர்ந்தார். வயது 21; உயரம் ஆறடிக்கு மேல். அவர் படுத்த கட்டில் இன்றும் இருக்கிறது. அன்று தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களை ஒளித்துவைக்கத் தரைக்கடியில் அமைத்த குழியில்தான், சிப்பாய்கள் வந்தபோது அவரை இறக்கினார்கள். எட்டிப் பார்த்தேன். ஆறடி ஆள் காலை மடக்காமல் அதில் இருக்க முடியாது. விடுதிப் பரணில் வார்டனுக்குப் பயந்து நீ கிடந்த கிடை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் தாமஸ் விட்கிரேவ் செய்ததுதான் எனக்கு வியப்பு. கதவுகளையெல்லாம் திறந்துபோட்டுவிட்டுத் தானே சிப்பாய்களின் எதிரில் போய் நின்றார். நீயும் போரில் இருந்தவன்தானே என்று அவர்கள் அவரை இழுக்க, அவர் நோயாளி, வீட்டைவிட்டு நகரவே இல்லை என்று அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லிக் காப்பாற்றினார்கள். அரசரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 1000 பவுண்டு என்று விலை வைத்த காலம் அது. நம் தெருவில் அப்படி நான்கு பேர் தேறுவார்களா என்று யோசித்தேன்; பதிலை எழுதப் பிடிக்கவில்லை.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அளவு சேராத செருப்பில் நடந்து சார்லஸின் பாதங்கள் கொப்புளித்திருந்தன; உரசாமலிருக்க விரலிடுக்குகளில் காகிதம் செருகியிருந்தாராம். ஹடில்ஸ்டன் என்ற பாதிரியார் அந்தக் கால்களைக் கழுவிவிட்டார். அதே பாதிரியார்தான் 1685இல் அவருடைய மரணப்படுக்கைக்கும் வந்தார். இதைக் கேட்டதும், உன் காற்புண் இன்னும் ஆறவில்லை என்று முருகேசன் சொன்னது நெஞ்சில் தைத்தது. சர்க்கரையை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறாயாமே, அறிவிருக்கிறதா உனக்கு?

இங்கே சர்க்கரை நோயாளிகளுக்கென்றே மெத்தென்ற செருப்பு கிடைக்கிறது. ஒரு தாளில் இரண்டு பாதங்களையும் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடிழுத்து உடனே அனுப்பு.

உன்,
ராமநாதன்