மேண்டலின் தலையில் டிரில் வைக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பொருளறையில் கிடக்கும் இரண்டு மேண்டலினுக்கும் கித்தாருக்கும், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பழைய டியூனிங் கீ எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக மாட்டுவது என்று போன கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். கடைக்காரர் விலையும் சொல்லிவிட்டாராம். நேரில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், தலைவர் ஐயாவுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

நான் வாத்தியக்காரன் இல்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தவன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து ஆட்கள் டவுனுக்கு இறங்கியபோது, பஜனைக் குழுவின் வாத்தியங்களும் சாமி படங்களோடு ஒரே லாரியில் வந்தன. கீ இறுகினால் அப்போதும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஷீட் உருட்டும் மெஷினின் பல்சக்கரத்தைப் பார்த்தவனுக்கு இது பொம்மை மாதிரி.

அந்தப் பொம்மைக்குள் இருப்பது இவ்வளவுதான்: விரலால் திருப்பும் பொத்தானோடு சேர்ந்த, திருகாணி போல் மறை வெட்டிய ஒரு தண்டு, கம்பி சுற்றும் கம்பத்தின் அடியில் ஒரு பல்சக்கரம். சக்கரத்தில் 14 பல் இருந்தால், பொத்தானை 14 சுற்று சுற்றினால்தான் கம்பம் ஒரு சுற்று சுற்றும். தண்டு சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் போகாது. ஆகவே "கீ நிற்கவில்லை, சுருதி இறங்குகிறது" என்று பையன்கள் சொல்லும்போது கீயின் மேல் பழி போடுவதற்கு முன்னால் வேறு நாலு இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் நட். விரல் பலகையின் மேல்முனையில் கம்பி உட்காரும் சின்னக் காடி. கீயைத் திருப்பும்போது "டிக்" என்று சத்தம் வந்து சுருதி துள்ளினால், கம்பி அங்கேதான் சிக்குகிறது. பென்சில் முனையைக் காடியில் தேய்த்தால் போதும், பத்து சென் செலவில்லை. அப்புறம், பழைய கீயில் மறைத் தண்டுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். சுருதி கூடிப்போனால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால், ஆட்டம் இருக்கிற அளவுக்குக் கம்பி பிறகு தளரும். சக்கரத்தின் நடுவில் ஒரு திருகாணி இருக்கிறது. அது லூஸாக இருந்தால் அளவாக இறுக்குங்கள். நான் பார்த்தவரை இந்த மூன்றிலேயே முக்கால்வாசிப் புகார் தீர்ந்துவிடும்.

மிச்சமிருப்பது அழுக்கும் துருவும். யாரோ கீக்குச் சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் (யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை). அது பிசினாகிக் குத்துவிளக்குக் கரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீ வரிசையாகப் பொருத்தியிருக்கும் தகட்டைக் கழற்றி, லைட்டர் பெட்ரோலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, பல்லில் துளி வாசலின், கம்பத்தின் அடியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். திருகாணி துருவில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், தலை முறிந்துவிடும். சூடான சால்டரிங் அயர்னைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைத்தால் பிடி விடும். கழற்றும்போது இடது தகடு, வலது தகடு என்று குறித்து வையுங்கள். மாற்றி மாட்டினால் மறை எதிர்ப்பக்கம் போய், கம்பியின் இழுப்பே சக்கரத்தை மறையை விட்டு விலக்கத் தொடங்கும்.

இன்னொரு விஷயம். மேண்டலின் பெட்டியைத் திறந்தால் கற்பூர வாசனை வருகிறது, சாமி வாசனை என்று செயலாளர் தம்பி சொன்னார். அது சாமி வாசனை இல்லை தம்பி. அந்தப் பொத்தான்கள் செல்லுலாய்டு. அதைச் செய்வதே கற்பூரம் கலந்துதான். பழசாகி உதிரும்போது அது விடும் ஆவியில் நைட்ரிக் அமிலம் இருக்கும். ஆலையில் ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் ஊற்றியவர்களுக்கு, ஆசிட் புகை இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் பித்தளை பச்சையாகப் பூத்ததும், கம்பி துருப்பிடித்ததும் அதனால்தான். செல்லுலாய்டு குபீரென்று தீப்பிடிக்கும் பொருளும்கூட. ஆரத்தித் தட்டு வைக்கும் அலமாரியில் இனி இந்தப் பெட்டி இருக்கக் கூடாது. உதிர்கிற பொத்தான்களை மட்டும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பொத்தான் போடலாம். கீ அப்படியே இருக்கும்.

சரி, புதிய கீ போட்டால் என்ன கெட்டுவிடும்? பழைய கம்பம் 6 மில்லிமீட்டர் சுமாருக்கு. கடைக்காரர் காட்டிய, பல்சக்கரம் கூட்டுக்குள் மூடியிருக்கும் கீக்கு 10 மில்லிமீட்டர் துளை வேண்டும். மரத்தைக் குடைந்த பிறகு பழையது திரும்ப உட்காராது. தகட்டோடு வரும் புது செட் வாங்கினாலும் இடைவெளி பொருந்த வேண்டும். 4 கம்பத்துக்கு 3 இடைவெளி; ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் கடைசிக் கம்பம் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். வளைந்து நிற்கிற கம்பம்தான் இறுகும். சில வருடங்களுக்கு முன் வேறொரு கோயில் கித்தாரை இப்படித்தான் ஒரு கடையில் குடைந்தார்கள். தலை விரிசல் விட்டு என்னிடம் வந்தது. நான் பசை போட்டேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மேண்டலினுக்கு எட்டுக் கம்பி எதற்கு, நாலு போதுமே என்று கேட்ட பையனுக்கும் ஒரு வார்த்தை. 2014இல் மறைந்த மேண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒற்றை ஒற்றையாக ஐந்து கம்பி போட்டு வாசித்தது எலெக்ட்ரிக் மேண்டலினில். ஒலிபெருக்கி இல்லாத நம் பழைய வாத்தியத்துக்கு இரட்டைக் கம்பியில்தான் சத்தம் வரும். ஆசைக்கு எலெக்ட்ரிக் ஒன்று வாங்கித் தாருங்கள், அதை நான் தடுக்கவில்லை.

வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் உட்காருகிறேன். கூலி வேண்டாம். லைட்டர் பெட்ரோல் ஒரு டின், வாசலின் ஒரு டப்பா, புதுக் கம்பி மூன்று செட், இவ்வளவு போதும். இரண்டு பையன்களை அனுப்புங்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். பொருளறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.