புஷ் டிரிம்மர் வாங்கியவர்களுக்கு நம் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்ங்க.

மோட்டார், பம்பில் தண்டு சுற்றும் இடத்தில் பொருத்தும் குழல் துண்டுதான் புஷ். பித்தளை, கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) புஷ்களை ஒரே நீளத்துக்கு வெட்டி, உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுத்துத் தரும் நம் மேசை மிஷினை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் சந்தேகம் என்றால் நேரில் வந்துவிடுகிறார்கள். அன்னூர், சூலூர், பல்லடம், பெருந்துறை என்று தள்ளி இருப்பவர்கள் போனில்தான் கேட்கிறார்கள். வெட்டும் நீளத்தை நிறுத்தும் திருகான ஸ்டாப்பரைத் திருப்பப் போனில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில், பலர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில். இந்த மிஷின் ஓடுவதைப் பார்த்த சிலர், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வெட்டும் மிஷின் போலவே இருக்கிறதே, அதையும் செய்து தருவீர்களா என்று கேட்கிறார்கள். செய்வதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது, அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தேதான் சொல்கிறது. உரிமம் இல்லாமல் அதைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. நம்மிடம் அந்த உரிமம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. தயவுசெய்து யாரும் சாம்பிள் கொண்டு வர வேண்டாம்.

ஆனால் அந்த மிஷினில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை, நாங்கள் கற்றுக்கொண்டதே அங்கிருந்துதான். அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடும் பழக்கம் உள்ளவர்கள், சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள். சுடும்போதும், திரும்ப அச்சில் அழுத்தும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். 308 வின்செஸ்டர் என்ற ரகத்தில் கூடு அதிகபட்சம் 51.18 மி.மீ. இருக்கலாம். அதைத் தாண்டினால் கூட்டின் வாய் துப்பாக்கிக்குள் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அதனால் 50.93 மி.மீ.க்கு வெட்டிவிடுகிறார்கள். மோட்டார் வைத்த சில மிஷின்களில் அந்தக் கூட்டை அதன் அடியில் நிறுத்துவதில்லை. கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கிறதே, அந்தத் தோளில் நிறுத்துகிறார்கள். ஏன் என்றால், துப்பாக்கிக்குள் கூடு போய் உட்காரும் இடம் அந்தத் தோள்தான். எங்கே உட்காருகிறதோ அங்கிருந்து அளந்து வெட்ட வேண்டும்.

நம் புஷ்ஷுக்கும் இதே கதைதான். காலர் (ஒரு முனையில் அகலமான விளிம்பு) வைத்த புஷ், அதைப் பொருத்தும் ஹவுசிங் துளையில் எங்கே உட்காருகிறது? காலரின் அடி முகத்தில். காலரின் மேல் முகம் எதிலும் உட்காருவதில்லை. ஆனால் லேத்தில் வெட்டும்போது வசதிக்காக அந்த மேல் முகத்தைத்தான் ஸ்டாப்பரில் முட்ட வைக்கிறோம். காலர் கனம் ஒரு புஷ்ஷுக்கு 4.0, இன்னொன்றுக்கு 4.2 என்று வந்தால், அந்த 0.2 மி.மீ. அப்படியே காலருக்குக் கீழுள்ள உடம்பு நீளத்தில் போய்விடும். மொத்த நீளம் வெர்னியரில் சரியாகக் காட்டும். ஹவுசிங்கில் அடித்தால் ஒன்று உள்ளே நிற்கும், இன்னொன்று வெளியே நீட்டிக்கொண்டு, தண்டின் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் வளையமான திரஸ்ட் வாஷரில் உரசும். மோட்டார் சூடாகிறது என்று புகார் வரும்போது வைண்டிங்கைத்தான் (கம்பிச் சுற்றை) எல்லோரும் சந்தேகப்படுவார்கள், புஷ் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். நாங்கள் இந்த மிஷினைச் செய்ய ஆரம்பித்ததே, இதே தவறால் ஒரு நாள் முழுக்க வெட்டிய புஷ்கள் அத்தனையும் எங்களுக்குத் திரும்பி வந்த பிறகுதான். அன்றைக்கு அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை.

அதனால் நம் மிஷினில் புஷ்ஷைப் பிடிக்கும் ஹோல்டரின் முகம்தான் எல்லா அளவுக்கும் தொடக்கம். புஷ்ஷை ஹோல்டருக்குள் விட்டு, காலரின் அடி முகம் ஹோல்டர் முகத்தில் படியும்படி அழுத்தி, லீவரை இறக்கினால் பிடி இறுகும். அப்புறம் ஹோல்டரைத் தாங்கி நகரும் கேரேஜை முன்னால் தள்ளினால், புஷ்ஷின் நுனி பிளேடு மாட்டிச் சுற்றும் கட்டர் ஹெட்டைத் தொடும். கேரேஜ் ஸ்டாப்பரில் முட்டியதும் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. லேத்தில் வெளி விட்டத்தையும் காலரின் அடி முகத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்திருக்க வேண்டும். கழற்றி மாட்டிக் கடைந்தால் அடி முகம் லேசாகச் சாய்ந்துவிடும். சாய்ந்த முகத்தை வைத்து நேராக வெட்ட எந்த மிஷினாலும் முடியாது.

மிஷினைப் பொருத்துவது பெரிய விஷயமில்லை. கனமான மேசையில் நான்கு போல்ட்டும் இறுக்கமாக இருக்கட்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் வாங்கியவர்கள், கட்டர் ஹெட்டில் பிளேடு மாட்டுவதற்கு முன்பே ஒரு முறை ஓட விட்டு, அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுங்கள். தலைகீழாகச் சுற்றும்போது புஷ்ஷைத் தள்ளினால் கார்பைடு நுனி உடைந்துவிடும். ஒற்றை ஃபேஸ் வாங்கியவர்களுக்குச் சுற்றும் திசைப் பிரச்சினை இல்லை, வோல்டேஜ்தான் பிரச்சினை. மோட்டார் சுற்றாமல் முனகினால் உடனே சுவிட்சை அணையுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டால் வைண்டிங் போய்விடும். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவில் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர்க்காரர்கள் நாம். மோட்டார் முனகும் சத்தம் நம் காதுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

இனி ஸ்டாப்பர். வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். முதல் புஷ்ஷை வேண்டிய நீளத்தை விட அரை மி.மீ. கூடுதலாக வரும்படி வெட்டுங்கள். காலரின் அடி முகத்திலிருந்து நுனி வரை அளந்து பாருங்கள். வேண்டியது 46.00, வந்தது 46.46 என்றால், ஸ்டாப்பர் திருகை 46 கோடு முன்னால் நகர்த்துங்கள். திருகு ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. நகரும், டயலில் 100 கோடு, ஆக ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். திருப்பும்போது இரண்டு கோடு தாண்டிவிட்டால், அந்த இரண்டு கோட்டை மட்டும் பின்னால் திருப்பி நிறுத்தக் கூடாது. மரையில் இருக்கும் ஆட்டத்தால் டயல் நகரும், ஸ்டாப்பர் நகராது. அரைச் சுற்று பின்னால் போய், மறுபடி முன்பக்கமாக வந்து நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.

அப்புறம் லாக் நட். இறுக்கும்போது ஸ்டாப்பர் இரண்டு மூன்று கோடு நகரத்தான் செய்யும். அதனால் நட்டை இறுக்கிய பிறகு ஒரு புஷ் வெட்டி அளந்தால்தான் அது கணக்கு. இறுக்குவதற்கு முன் அளந்ததை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள். காலையில் மிஷினைப் பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டு, அதற்குப் பிறகு செட் பண்ணுவது இன்னும் நல்லது.

அளப்பதிலும் ஒரு விஷயம். வெட்டிய உடனே கையில் எடுத்தால் புஷ் சுடும். 50 மி.மீ. பித்தளை, 40 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. நீண்டிருக்கும். சூட்டோடு அளந்து சரி என்று விட்டால், ஆறிய பிறகு குறைந்து நிற்கும். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். 25 புஷ்ஷுக்கு ஒன்று எடுத்து அளந்தால் போதும், எல்லாவற்றையும் அளக்க வேண்டாம்.

ஸ்டாப்பரைத் தொடாமலேயே நீளம் திடீரென்று கூடினால், முதலில் ஹோல்டர் முகத்தைப் பாருங்கள். காலருக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு துளி பித்தளைச் சீவல் மாட்டியிருக்கும். சீவலின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளம் கூடும். ஒவ்வொரு புஷ் மாட்டும்போதும் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டிவிட்டு மாட்டுங்கள். ஏர் கன்னால் ஊத வேண்டாம். சீவல் ஸ்லைடுக்குள் போய்விடும், கண்ணுக்கும் ஆகாது.

கட்டர் ஹெட்டில் மூன்று கார்பைடு பிளேடுகள். மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் மூன்றும் வெட்டும். ஒன்று மட்டும் தூக்கி நின்றால் அதுவே எல்லா வேலையையும் செய்து சீக்கிரம் மழுங்கும், முகத்திலும் வரி விழும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் சுற்றி, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 10 மைக்ரானுக்குள் (0.01 மி.மீ.) இருந்தால் போதும். உள் சேம்பர் (விளிம்பில் விழும் சரிவு) பெரிதாகவும் வெளிச் சேம்பர் சிறிதாகவும் வந்தால் பிளேடுகளை நடுப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். வெளிச் சேம்பர் பெரிதென்றால் வெளிப்பக்கமாக. மூன்றையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும்.

பிளேடு மழுங்கினால் தயவுசெய்து சாதாரணச் சாணைக்கல்லில் பிடிக்காதீர்கள். பச்சைக் கல் அல்லது டைமண்ட் வீல் வேண்டும். எஃகுக்குத் தீட்டுவது போல முன்முகத்தில் சரிவு வைத்துத் தீட்டவும் கூடாது. பித்தளை அப்படிப்பட்ட பிளேடை உள்ளே இழுத்துக்கொள்ளும். புஷ் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். முன்முகம் தட்டையாகவே இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், நாங்களே தீட்டித் தருகிறோம்.

பித்தளைக்கும் கன்மெட்டலுக்கும் ஆயில் தேவையில்லை. அலுமினியம் வெட்டினால் நுனியில் ஒட்டும், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) இந்த மிஷினுக்கு வேண்டாம்.

மிஷினில் நிற்பவர்களிடம் சொல்லுங்கள்: கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது, தோளில் துண்டும் கூடாது. கடைசலுக்குச் சுலபமான பித்தளையிலும் கன்மெட்டலிலும் ஈயம் கலந்திருக்கும். டீக்கு வடை சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டையோடு போகாமல் இருப்பது நல்லது. சீவலை இரும்புத் தூளோடு கலக்காமல் தனி டின்னில் சேர்த்தால் பவுண்டரியில் நல்ல விலை கிடைக்கும்.

வேறு அளவு புஷ்ஷுக்கு ஹோல்டர் வேண்டும் என்றால் டிராயிங்கோடு ஐந்து புஷ் கொண்டு வாருங்கள். டிராயிங் மட்டும் போதாது. உங்கள் லேத்தில் உண்மையில் என்ன அளவு வருகிறது என்று பார்த்துத்தான் துளையைக் கடைவோம்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள். மோட்டார் மூடியில் நன்றாக வையுங்கள். ஹோல்டர் முகத்திலும் ஸ்டாப்பர் நுனியிலும் மட்டும் வேண்டாம். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், மறுநாள் முதல் புஷ்ஷிலேயே நீளத்தில் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையார்,
கணபதி, கோயம்புத்தூர்