லைற் எரிந்தால் போதாது, மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

ரிமோட் விமானத்துக்குள் இருந்து சிக்னலைப் பிடிக்கும் பழைய ரிசீவர் ஏழு ஒரே பையில் மலிவாகக் கிடைத்ததென்று நீ சொன்னதிலிருந்து தம்பி நிலத்தில் நிற்கிறானில்லை. அவற்றை அங்கேயே சோதித்து, தேறியதை மட்டும் கொண்டு வா. பழுதென்று இங்கிருந்து திருப்பி அனுப்பும் தபால்கூலி ரிசீவரின் விலையைத் தாண்டும். விற்பவர் "வேலை செய்யும்" என்றால், லைற் எரிந்தது, மேசையில் வைத்து ஒரு சேர்வோ (விமானத்தின் பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டர்) அசைந்தது என்ற அளவுக்குத்தான் அதை எடுக்க வேண்டும். மேசையில் எல்லாமே வேலை செய்யும்.

முதலில் இனம் பிரி. ஒரு மீற்றர் வயர் தொங்குவதும் அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்னக் கிறிஸ்ரல் செருகியிருப்பதும் உங்கள் ஊரில் முன்பு ஓடிய 35 மெகாஹேர்ட்ஸ் சாமான். அதற்கு அதே அலைவரிசை ரிமோட்டும் சோடிக் கிறிஸ்ரலும் வேண்டும். தம்பியின் ரிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ், ஆகவே அவற்றை ஒதுக்கு. 2.4 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்றும் நினைக்காதே. ஸ்பெக்ட்ரம், பியூட்டபா, எப்ஆர்ஸ்கை, பிளைஸ்கை என்ற கம்பனிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பாஷை. பிளைஸ்கைக்குள்ளேயே பழைய ஏஎப்எச்டிஎஸ், பிறகு வந்த ஏஎப்எச்டிஎஸ் 2ஏ என்று இரண்டு. உங்கள் இருவரிடமும் இருக்கும் எப்எஸ்-ஐ6 ரிமோட் இரண்டையும் பிடிக்கும், ஆனால் ஆர்6பி போன்ற பழைய ரிசீவருக்கு, ரிமோட்டின் ரிசீவர் மெனுவில் 2ஏ-ஐ நிறுத்திவிட்டுத்தான் பைண்ட் பண்ண (ரிமோட்டோடு சோடி சேர்க்க) வேண்டும். நிறுத்தாமல் முயன்றுவிட்டு நல்ல ரிசீவரைப் பழுதென்று எறிந்துவிடாதே.

பவர் கொடுக்கமுன் மூடியைக் கழற்றிப் பார். தண்ணீரில் விழுந்ததென்று யாரும் சொல்லி விற்பதில்லை, பின்கள்தான் சொல்லும். பின்னின் அடியில் பச்சையாகவோ வெள்ளை மாப்போலவோ படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர் குடித்தது. ஐசோபுறொப்பைல் அல்ககோலும் பல்லுத் தீட்டும் பிறஷும் வைத்துத் தேய்த்தால் மேலே போய்விடும், ஐசி சிப்பின் கால்களுக்குக் கீழே இருப்பது போகாது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற இந்த இடத்தில் அது இரண்டு மாதத்தில் திரும்பவும் அரிக்கத் தொடங்கும். அப்படியானதை எவ்வளவு நன்றாக ஓடினாலும் விமானத்தில் போடக்கூடாது என்பது என் கணக்கு.

அடுத்தது அன்ரனா. வயரின் நுனியில் உறையில்லாமல் தெரியும் மெல்லிய பகுதிதான் உண்மையில் அலையைப் பிடிப்பது. மற்றதெல்லாம் அதைப் பலகைக்குக் கொண்டுபோகும் கோஅக்ஸ் கேபிள். 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 125 மில்லிமீற்றர், அதில் காற்பங்கு 31. அடிமட்டம் வைத்து அள. 20, 25 என்று நின்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். மேசையில் குறை தெரியாது, தூரத்தில்தான் காட்டும். கேபிள் பலகையோடு சேரும் இடத்தையும் பார். விழுந்த விமானத்திலிருந்து பிடுங்கியதென்றால் அந்த மூலையில்தான் முறிந்திருக்கும்.

மல்ரிமீற்றரால் பிளஸ், மைனஸ் பின்களுக்கிடையே மின்தடையை (ஓம்) பார். சுழியத்தை ஒட்டி நின்றால் உள்ளே ஷோர்ட், அதோடு விடு. மற்றவற்றுக்கு நாலு செல் நிக்கல் மெற்றல் ஹைட்றைட் பற்றரி, நன்றாகச் சார்ஜ் ஏற்றியது, போதும். இரண்டு செல் லிப்போவை (லிதியம் பொலிமர் பற்றரி) நேரே கொடுக்காதே. பிளக்கில் சிவப்பு நடுவில் இருப்பதால் மாறிச் செருகினாலும் பெரும்பாலும் எரியாது, சேர்வோ அசையாது, அவ்வளவுதான்.

பைண்ட் ஆனதும் அதற்குச் செருகிய பைண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்துத் தடவையாவது பவரை நிறுத்திப் போடு. ஒவ்வொரு தடவையும் தானாக ரிமோட்டைப் பிடிக்க வேண்டும், ஒன்பது தடவை பிடித்தது என்றால் அது தோல்வி. பிறகு நல்லதென்று தெரிந்த ஒரே சேர்வோவை ஆறு சனலிலும் மாற்றிமாற்றிச் செருகி, பிளக்கை மெல்ல ஆட்டு. சேர்வோ துடித்தால் பின்னின் ஈயப்பற்றில் வெடிப்பு. பென்சிலின் பின்பக்கத்தால் பெட்டியைத் தட்டிப் பார். ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகும் தட்டு. இங்கே கச்சான் காற்று (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வெயிலில் மூடிக்கிடக்கும் விமானத்தின் உள்ளே அந்தச் சூடு சாதாரணம்.

நாலு சேர்வோவையும் ஒன்றாகச் செருகி, ரிமோட்டின் இரண்டு குச்சியையும் சுழற்று. 2ஏ ரிசீவரென்றால் அதற்கு வரும் வோல்ற் பெரும்பாலும் ஐ6 திரையில் தெரியும். அது 4-க்குக் கீழே விழுந்து லைற் அணைந்து எரிந்தால் குற்றம் பற்றரியில் அல்லது பிளக்கில். வோல்ற் இறங்காமலே லைற் அணைந்தால் ரிசீவரில்.

சிக்னல் போனால் என்ன செய்யும் என்பதை மோட்டரில் சோதிக்காதே, மகள். மோட்டரின் வேகத்துக்கான திறொட்டில் சனலில் ஒரு சேர்வோவைச் செருகு. சிக்னல் போனால் போக வேண்டிய நிலையைப் பதியும் பெயில்சேப்பில் திறொட்டிலை அடியில் வைத்துப் பதிந்துவிட்டு, குச்சியை நடுவுக்கு ஏற்றி, ரிமோட்டை நிறுத்து. சேர்வோ கீழே போக வேண்டும். நடுவிலேயே நின்றால், பறக்கும்போது சிக்னல் அறுந்தாலும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும்.

கடைசியாகத் தூரம். இதற்கு வெளி வேண்டும். இங்கென்றால் பெரும்போக அறுவடை முடிந்த வயல், உனக்குப் பார்க். ரிசீவரை இடுப்பளவு உயரமான அட்டைப்பெட்டியில் வை, காருக்குப் பக்கத்தில் வேண்டாம். சக்தி குறைக்கும் ரேஞ்ச் மெனு உள்ள ரிமோட்டில் முப்பது காலடி எடுத்து வைத்து நடந்தும் சேர்வோ துடிக்காவிட்டால் சரி. அது இல்லாவிட்டால் முழுச் சக்தியில் இருநூறு, முந்நூறு மீற்றர் நடக்கத்தான் வேண்டும், பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் போனில் கேட்டுக்கொள். முதலில் நல்ல ரிசீவர் ஒன்றை நடத்திப் பார்த்துவிட்டு, மற்றவற்றை அதோடு ஒப்பிடு. இரண்டு அன்ரனா உள்ளதில் ஒன்று செத்திருந்தாலும் மற்றது மறைத்துவிடும். அந்தத் தூரத்தில் பெட்டியை நாலு திசைக்கும் திருப்பிப் பார், ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் சிக்னல் அறுந்தால் அதுதான் காரணம்.

தேறியதில் ரேப் ஒட்டி, எந்தப் பாஷை, எவ்வளவு தூரம் என்று பேனையால் எழுது. அன்ரனாவை மடிக்காமல் குளிர்பானக் குழலுக்குள் நுழைத்து வை, கோஅக்ஸ் முறிந்தால் பார்த்த வேலையெல்லாம் வீண். லிப்போ ஏதும் கொண்டுவந்தால் முனையை ரேப்பால் மூடிக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போடக்கூடாது. தேறாததில் நல்ல அன்ரனா இருந்தால் கேபிளோடு வெட்டாமல் ஈயத்தை இளக்கி எடுத்து வா.

அன்புடன்,
அப்பா